குளத்து நீரை நாமே கண்காணிப்பது: கரும்புக்காட்டு ஊர்களுக்கான ஒரு தொடக்க விளக்கம்

தென்னாப்பிரிக்காவில் வாழும் நாம் 'டேம்' என்று சொல்லும்போது சுவரை நினைப்பதில்லை. சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரையே நினைக்கிறோம். இயற்கையான நன்னீர் ஏரிகள் இந்த நாட்டில் மிகக் குறைவு. அவற்றுள் மிகப் பெரியதான சிபாயா ஏரி, குவாசூலு-நட்டாலின் வடகிழக்கு மூலையில், கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கிறது; நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. நமக்குப் பழக்கமானவை எல்லாம் மனிதர் தேக்கியவை: வெருலத்துக்கு அருகே உம்ட்லோட்டி ஆற்றின் குறுக்கே நிற்கும் ஹேசல்மியர், ஹோவிக் அருகே உம்கேனி ஆற்றில் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட மிட்மார், இவற்றுக்கெல்லாம் கீழே, வரைபடத்தில் பெயர்கூட இல்லாமல், கரும்புக்காடுகளுக்கு நடுவே பள்ளம் பார்த்து மண்கரை போட்டுத் தேக்கிய பண்ணைக் குளங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, கரும்பு வெட்ட அழைத்து வரப்பட்ட நம் முன்னோர் குடியமர்ந்த ஊர்கள் பலவற்றில் இத்தகைய ஒரு குளம் இன்றும் உண்டு. மாடு அதில் குடிக்கிறது. காய்கறித் தோட்டத்துக்கு அதிலிருந்து நீர் இறைக்கப்படுகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளியும் அங்கேதான் போகிறது.

அந்தக் குளத்து நீர் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அந்த ஊர் மக்களே தொடர்ந்து அளந்து அறிவதைத்தான் தன்னார்வ நீர்த்தரக் கண்காணிப்பு என்கிறோம். சம்பளம் எதிர்பாராமல், குறித்த இடத்தில், குறித்த இடைவெளியில், ஒரே முறையில் நீரை அளந்து, அளந்ததைத் தேதியிட்டு எழுதி வைப்பது என்று இதற்கு இலக்கணம் சொல்லலாம். இதற்கு வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. வேண்டியது பொறுமை, அதைவிட முக்கியமாக, கண்டதைக் கண்டபடியே எழுதும் நேர்மை.

இது நமக்குப் புதிய எண்ணமும் அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஊரின் ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராரின் வேலை என்பதும், அதற்கென்று ஆள் நியமித்து, தவணை குறித்து, கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் ஏறிவிட்டன. அந்த வாரியத்தார் நீரின் அளவையும் கரையின் உறுதியையும் பார்த்தார்கள். நாம் இன்று நீரின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடங்குகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு; இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் எல்லாம் அதையொட்டியே வருகின்றன. ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. இன்று குளத்து நீரில் 40 சென்டிமீட்டர் ஆழம் வரை கண் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நல்லதா, கெட்டதா? சென்ற மாதம் 90 இருந்திருந்தால் அது எச்சரிக்கை; சென்ற ஆண்டு இதே மாதத்திலும் 40-தான் என்றால், அது அந்தக் குளத்தின் மழைக்கால இயல்பு. அந்த எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அதற்கு முன்பு எழுதப்பட்ட எண்தான். 2021 ஜூலையில், டர்பனுக்கு வடக்கே கோர்னூபியாவில் வேளாண் வேதிப்பொருள்கள் வைத்திருந்த ஒரு கிடங்கு எரிந்து, நஞ்சு கலந்த நீர் ஓஹ்லாங்கா ஆற்றிலும் கழிமுகத்திலும் சேர்ந்து மீன்கள் செத்து மிதந்தன. அப்படிப்பட்ட நாளில் எழும் முதல் கேள்வி, 'இதற்கு முன் நீர் எப்படி இருந்தது?' என்பதுதான். விபத்து நடந்த பிறகு அந்தக் கேள்விக்கான விடையை யாராலும் போய் அளந்து வர முடியாது. ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் சலிக்காமல் எழுதி வைத்தவர்களிடம் மட்டுமே அது இருக்கும்.

நீர் எதனால் கெடுகிறது?

நம் பகுதிக் குளங்களைக் கெடுப்பவை பெரும்பாலும் மூன்று: மண், உரச்சத்து, சாக்கடை. இவற்றுள் மண் கண்ணுக்குத் தெரியும். சரிவான நிலத்தில் கரும்பு வெட்டி முடிந்து தரை வெறுமையாகக் கிடக்கும்போது அக்டோபர், நவம்பரில் முதல் பெருமழை பிடித்தால், மேல்மண் செந்நிறக் குழம்பாக இறங்கிக் குளத்தில் படிகிறது. ஆற்றுமணல் அள்ளுமிடங்களில் கரை சரிவதும் இதையே செய்கிறது. படிந்த வண்டல் குளத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஹேசல்மியர் நீர்த்தேக்கத்தின் பழைய சிக்கல்களில் வண்டலும் ஒன்று. கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காததால் அடியில் வளரும் நீர்ச்செடிகள் மடிகின்றன. மீன் முட்டைகள் சேற்றில் மூடிப்போகின்றன.

உரச்சத்தின் வேலை இதைவிட நுட்பமானது. சற்று நின்று பார்க்க வேண்டியது. பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கும் வேண்டும். நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் பற்றாக்குறையாக இருக்கும். அந்தப் பற்றாக்குறையே பாசிக்கு இடப்பட்ட கடிவாளம். சோற்றுக்கு உப்பு போல மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் கூடினாலே கடிவாளம் அறுந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் மொத்தப் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.035 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த ஏரியைச் சத்து மிகுந்தது என்றும், 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் மிதமிஞ்சிச் சத்தேறியது என்றும் உலக அளவில் வகைப்படுத்துகிறார்கள். தென்னாப்பிரிக்கா 1980-இல், பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் சில ஆற்றுப் படுகைகளுக்கென்று ஒரு சிறப்பு விதியைக் கொண்டுவந்தது: கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரசுக்கு மேல் இருக்கக் கூடாது. கடுமையான விதி போலத் தோன்றும். ஆயினும் அந்த 1 மில்லிகிராம், ஏரி மிதமிஞ்சிச் சத்தேறும் எல்லையைப் போலப் பத்து மடங்கு. வெளியேறும் நீர் தூய நீரோடு கலந்து போதுமான அளவு நீர்த்துப் போனால்தான் ஏரி தப்பும். பிரிட்டோரியாவுக்கு மேற்கே உள்ள ஹார்ட்பீஸ்போர்ட் நீர்த்தேக்கம் அப்படித் தப்பவில்லை. நகரங்களின் கழிவுநீர் நிலையங்களைக் கடந்து வரும் ஆறுகளே அதை நிரப்புவதால், அது பல பத்தாண்டுகளாகப் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போன்ற பாசியோடும், தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஆகாயத்தாமரையோடும் போராடிக்கொண்டிருக்கிறது.

நம் சிறு குளத்துக்குச் சத்து எங்கிருந்து வருகிறது என்றால், மழைக்கு முந்தைய நாள் தூவிய உரத்திலிருந்தும், கரையில் கட்டிய மாட்டின் சாணத்திலிருந்தும், சோப்புத் தூளிலிருந்தும், மேட்டில் நிரம்பி வழியும் கழிப்பறைக் குழியிலிருந்தும் வருகிறது. கடைசியாகச் சொன்னது மூன்றாவது பகையான சாக்கடையோடும் சேர்ந்தது. நாட்டின் கழிவுநீர் நிலையங்களை மதிப்பிடும் 'கிரீன் டிராப்' அறிக்கை 2022-இல் வெளியானபோது, 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள் மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. 2000 ஆகஸ்டில் எம்பாங்கேனிப் பகுதியில் தொடங்கிய காலரா, குவாசூலு-நட்டாலில் 1,00,000-க்கும் மேற்பட்டோரைத் தொற்றியதை நம் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் ஊரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, குழாய் நீர் பல மாதங்கள் இல்லாமல் போனதையும் கண்டோம். குழாய் நின்றால் மக்கள் ஓடைக்கும் குளத்துக்கும்தான் போவார்கள். குளத்தின் நிலை குடும்பத்தின் உடல்நிலையாக மாறுவது அப்போதுதான்.

எதை, எதனால் அளப்பது?

தெளிவை அளப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. செலவு மிகக் குறைவு, சொல்லும் செய்தியோ மிக அதிகம். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளை வட்டுகளைக் கடலில் இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று ஆராய்ந்தார். ஏரிகளில் இன்று பயன்படுவது 20 சென்டிமீட்டர் அகலத்தில், நான்கு கால்வட்டங்களாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய வட்டு. ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியைக் கொண்டு இதை வீட்டிலேயே செய்யலாம்: நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் கனமான இரும்பு ஒன்றைக் கட்டி, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி இட வேண்டும். நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால், நீளாத கயிறாகப் பார்த்து வாங்குங்கள்; இல்லையென்றால் ஆண்டுக்கு ஆண்டு நீர் கலங்கிக்கொண்டே வருவது போன்ற பொய்த் தோற்றம் உண்டாகும். வட்டை மெல்ல இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறக்கிப் பின் மேலே இழுத்து, மீண்டும் கண்ணில் படும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி அணியாமல் பார்க்க வேண்டும். வட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்தால், அந்த ஆழத்தைத் தெளிவின் அளவாக எழுதிவிடக் கூடாது. 'அடி வரை தெரிகிறது' என்றே எழுத வேண்டும்.

படகும் படித்துறையும் இல்லாத ஆழமற்ற குளங்களுக்குத் தெளிவுக்குழாய் ஏற்றது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயில் நீரை நிரப்பி, உள்ளே கறுப்புக் குறி ஒன்றை நகர்த்தி, அது எந்தத் தொலைவில் மறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. குழந்தைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். பாசியாலும் தெளிவு குறையும், மண்ணாலும் குறையும் என்பதால், நீரின் நிறம் பச்சையா, பழுப்பா என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பின்னால் வாசிப்பவருக்கு அந்த ஒரு சொல் மிகவும் உதவும்.

வெப்பநிலைக்குச் சாதாரண வெப்பமானி போதும். வெப்பத்தை அளப்பதன் பயன், அதைச் சார்ந்து மாறும் ஆக்சிஜனைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது: கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வரை தாங்கும், 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். 5-க்குக் கீழே போனால் பல மீன்களுக்கு மூச்சுத் திணறல். பாசி நிறைந்த குளத்தில் ஆக்சிஜன் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதுமில்லை. பகலில் வெயிலைக் கொண்டு பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. ஆகவே மாலை மூன்று மணிக்கு நிறைவாகத் தெரிந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கக்கூடும். அமிலமா, காரமா என்று காட்டும் பி.எச். அளவும் இப்படித்தான் ஆடுகிறது. பாசி பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். 9-ஐயும் தாண்டலாம். இதை அறியாத புதியவர் யாரோ காரப்பொருளைக் கொட்டிவிட்டதாக எண்ணி அக்கம்பக்கத்தாரிடம் சண்டைக்குப் போய்விடுவார். அந்தச் சண்டையைத் தவிர்க்க வழி எளிது: எப்போதும் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும், ஐயம் வந்தால் அதே நாளில் காலையிலும் மாலையிலும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் கருவி கைக்கு அடக்கமானது, விலையும் மலிவு. ஓர் எச்சரிக்கை: தென்னாப்பிரிக்க அறிக்கைகள் இதை மீட்டருக்கு மில்லிசீமன்ஸ் என்ற அலகில் தருகின்றன, கடையில் வாங்கும் கருவிகள் பலவும் சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ் என்று காட்டுகின்றன. முன்னதில் 1 என்பது பின்னதில் 10. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் பத்து மடங்குப் பிழை நேரும். அதைப் பிறகு கண்டுபிடித்துத் திருத்துவது பெரும் பாடு.

பாஸ்பரசும் நைட்ரஜனும் நீரில் கரைந்திருக்கும் வடிவங்களான பாஸ்பேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறம் மாறும் பட்டைகள் கிடைக்கின்றன. நைட்ரேட் பட்டை ஓரளவு பயன்படும். பாஸ்பேட் பட்டையை நம்பி நிம்மதி கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஏரியைக் கெடுக்கப் போதுமான 0.1 மில்லிகிராம் அளவை அத்தகைய பட்டைகளில் பல காட்டாது. 'ஒன்றுமில்லை' என்று பட்டை சொல்லும் நீரிலேயே பாசி பொங்கும். அந்தப் பணத்தை மிச்சம்பிடித்து ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது மேல்.

மலம் கலந்திருக்கிறதா என்பதற்கு ஆய்வகங்கள் இ.கோலை நுண்ணுயிரை எண்ணுகின்றன. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழு உடலையும் நனைத்துக் குளிக்கும் நீருக்கு, 1996-இல் வெளியான தென்னாப்பிரிக்க வழிகாட்டு நெறி 130 வரை என்று இலக்கு வைத்தது. கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆய்வகம் தொலைவில் உள்ள ஊர்களுக்கு வேறொரு எளிய வழி உண்டு. 1982-இல் இந்தியாவின் குவாலியரில் பணியாற்றிய அறிவியலாளர்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைட் பரிசோதனையில், மருந்து ஊறவைத்த தாள் உள்ள புட்டியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், மல மாசு இருக்கும் நீர் கறுத்துவிடும். எவ்வளவு மாசு என்று அது சொல்லாது. உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லும். வாளி எடுக்கும் கைக்கு அதுவே பெரிய உதவி.

ஓடையில் வாழும் சாட்சிகள்

குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையில் கருவியே இல்லாமல் பார்க்கக்கூடிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. கல்லுக்கடியில் வாழும் சிறு உயிரினங்கள் அவை. தென்னாப்பிரிக்காவில் ஆற்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'சாஸ்' என்ற மதிப்பெண் முறையை எளிமையாக்கி, 'மினிசாஸ்' என்ற பெயரில் பொதுமக்களுக்காக அமைத்திருக்கிறார்கள். இதில் உயிரினங்கள் 13 கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மாசைத் தாங்காதவற்றுக்கு அதிக மதிப்பெண்ணும் எதையும் தாங்குபவற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தரப்பட்டுள்ளன. மிகத் தூய, குளிர்ந்த நீரில் மட்டும் வாழும் கல்ஈ என்ற பூச்சியின் இளம்பருவத்துக்கு 17, நண்டு, இறாலுக்கு 6, தட்டானின் இளம்பருவத்துக்கு 6, நத்தைக்கு 4, புழுவுக்கும் அட்டைக்கும் 2. வலையால் அலசி, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, கண்ட கூட்டங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புழு, அட்டை, ஈயின் புழு ஆகியவற்றுக்குத் தலா 2, நத்தைக்கு 4, நீர்வண்டுக்கு 5 என்றால் மொத்தம் 15, சராசரி 3. அந்த ஓடை நோயுற்றிருக்கிறது. எத்தனை அட்டை இருந்தது என்பது கணக்கில் வராது. அட்டை இருந்ததா என்பதே கணக்கு.

இந்த முறை ஓடும் நீருக்கானது. தேங்கிய குளத்தில் இதைச் செய்தால், குளம் நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறைவாகவே வரும். ஏனென்றால் உயர்ந்த மதிப்பெண் பெறும் பூச்சிகள் பலவும் ஓட்டத்தை விரும்புபவை. ஆகவே குளத்துக்குள் வரும் ஓடையில் பாருங்கள். அதிலும் ஐயத்துக்குரிய இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என இரண்டைத் தேர்ந்தால், மாசு எங்கே நுழைகிறது என்பது தானாகவே புலப்படும். மேலே 6, கீழே 3 என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான் காரணம் இருக்கிறது. ரசாயனம் ஓரிரவில் ஓடிப் போய்விடும். மறுநாள் அளக்கும் கருவிக்கு அது தெரியாது. பூச்சிகளோ வாரக்கணக்கில் அந்த நீரிலேயே வாழ்ந்தவை என்பதால், நாம் வராத நாட்களுக்கும் அவை சாட்சி. மிட்மாருக்கு மேலே உள்ள மப்போபொமேனி என்ற குடியிருப்பில் 'என்விரோ சாம்ப்ஸ்' என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தொண்டர்கள், பொங்கி வழியும் சாக்கடை மூடிகளை நடந்தே சென்று பார்த்துப் பதிவுசெய்து, அணைக்குச் செல்லும் ஓடையைக் காத்து வந்தது இந்த மாநிலத்தில் பலருக்கும் வழிகாட்டியது.

உயிருக்குக் கேடு வராமல்

நம் மாநிலத்தின் வெப்பமான பகுதிகளில் தேங்கிய நீரிலும் மெல்ல ஓடும் நீரிலும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி உண்டு. அது நத்தையின் உடலிலிருந்து வெளிவந்து, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகும். அறியும் ஆர்வத்தில் பிள்ளைகளை வெறுங்காலோடு இறக்கிவிடுவது தவறு. முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் பூட்சும் நீண்ட கையுறையும் கட்டாயம் வேண்டும். இயன்றவரை கரையிலிருந்தே நீண்ட கம்பில் கட்டிய குவளையால் நீரை முகந்தெடுப்பது நல்லது. நனைந்தால் உடனே துடைத்துவிடுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டாம், மாத்திரையால் குணமாகும் நோய் அது. தனியாக யாரும் குளத்துக்குப் போகக் கூடாது. வடக்கே முதலையும் நீர்யானையும் உள்ள நீர்நிலைகளில் இந்த வேலையை வழிகாட்டி இல்லாமல் செய்யவே கூடாது.

நீலப்பச்சைப் பாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது உண்மையில் பாசி அல்ல. ஒளியில் உணவு ஆக்கும் நுண்ணுயிர். இதன் சில வகைகள், முக்கியமாக மைக்ரோசிஸ்டிஸ், கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1940களில் வால் (Vaal) ஆற்றின் அணைக் கரையில் ஆயிரக்கணக்கான கால்நடைகள் மடிந்ததற்கு இதுவே காரணமாகக் கண்டறியப்பட்டது. இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 'காய்ச்சிவிட்டால் கவலையில்லை' என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த அறிவுரை கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அடையாளம் காண ஒரு சிறு சோதனை: கையுறை அணிந்து கண்ணாடிச் சாடியில் நீரை எடுத்து, ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே மிதந்து வளையமாகத் திரண்டால் நீலப்பச்சை வகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. ஐயம் இருக்கும்வரை மாட்டையும் நாயையும் பிள்ளைகளையும் அந்தக் கரைக்கு விடக் கூடாது. காற்று இந்தப் பாசியை ஒரு பக்கக் கரைக்குத் தள்ளிக் குவிக்கும் என்பதால், காலையில் தூய்மையாகத் தெரிந்த படித்துறை மாலையில் நஞ்சுக் குழம்பாக இருக்கலாம்.

பதிவேடும் அதன் பயனும்

நோட்டுப் புத்தகம் ஒன்று. அதில் தேதி, நேரம், இடம், அளந்தவர், முந்தைய இரு நாட்களில் மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், நீர்மட்டம், பிறகு அளவுகள், கடைசியில் 'கண்டது' என்ற அகலமான கட்டம். பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் பரவும். அழிக்க வேண்டாம், தவறு நேர்ந்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்துங்கள். அளக்காமல் விட்ட மாதத்துக்கு நினைவிலிருந்தோ ஊகத்திலிருந்தோ எண்ணை நிரப்புவதைவிட, 'எடுக்கவில்லை' என்று எழுதுவது ஆயிரம் மடங்கு மதிப்புள்ளது. ஒரு பொய் எண் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் புத்தகத்தின் மற்ற எண்கள் அனைத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். மாதம் ஒருமுறை என்பது தொடக்கத்துக்குப் போதும். அதோடு பருவத்தின் முதல் பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை கூடுதலாக அளந்தால், நிலத்திலிருந்து குளத்துக்குள் என்னவெல்லாம் இறங்குகிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிடும்.

பக்கத்துச் சூலு குடும்பங்கள் அதே குளத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அவர்கள் இல்லாத குழு பாதிக் குழுதான். படிவத்தின் தலைப்புகளை இசிசூலுவிலும் எழுதினால், அளக்கும் கைகள் இரட்டிப்பாகும், குளத்தைப் பற்றிய நினைவுகளும் கூடவே சேரும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் இந்தப் புத்தகம் பேசும். 1996-இன் அரசியலமைப்பு, உடலுக்கும் நலனுக்கும் கேடு செய்யாத சுற்றுச்சூழலுக்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. 1998-இன் தேசிய நீர்ச் சட்டம், நிலத்தை வைத்திருப்பவரும் பயன்படுத்துபவரும் நீர் மாசுபடாமல் தடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆயினும் 'குளம் நாறுகிறது' என்று தொலைபேசியில் சொல்வதற்கும், 'ஓடையின் மேலிடத்தில் ஆறு மாதமாக மதிப்பெண் 6, கீழிடத்தில் 3, இடையில் இருப்பது இந்தக் குழாய்' என்று தேதிகளோடு எழுதிக் கொடுப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நாம் எடுத்த அளவுகள் சட்டமுறையான சான்றாக ஏற்கப்படாமல் போகலாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவு தேவைப்படும். எங்கே, எந்த நாளில் அந்த ஆய்வாளர் வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதைக் காட்டுவது நம் புத்தகம்.

முதல் பக்கத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நாள், ஊரில் மூத்த ஆயாவிடமும் தாத்தாவிடமும் உட்கார்ந்து, அவர்கள் சிறுவயதில் குளம் எப்படி இருந்தது, எதுவரை அடி தெரிந்தது, என்ன மீன் பிடித்தார்கள், நண்டு இருந்ததா, எந்த ஆண்டுக்குப் பிறகு மாறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை எண்கள் அல்ல. அவற்றை அளவுகளுக்கான கட்டங்களில் சேர்க்கவும் கூடாது. புத்தகத்தின் முன்பக்கத்தில், யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று குறித்துத் தனியாக வையுங்கள். அடுத்த பக்கத்தில் வட்டை நீரில் இறக்கி, முதல் அளவை எழுதுங்கள்.